டைட்டன், டென்ஷன், தந்தி: ஒரு ரிஜக்ஷன் ரிப்போர்ட்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. வழக்கம்போல "ஆணி அதிகம்"னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா இந்தத் தடவை காரணம் ஆணி இல்லை. ஒரு கிரேக்க வினைச்சொல்லோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். "ஓசூர்ல உக்காந்துகிட்டு உனக்கு எதுக்குய்யா கிரேக்கம்?"னு நீங்க கேக்கறது காதுல விழுது. எங்க வீட்டம்மாவும் அதையேதான் கேட்டாங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

அண்ணன் பையன் ஒன்பதாவது படிக்கிறான். பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டி. தலைப்பு, உலக மொழிகளில் தமிழ். "சித்தப்பா, யாரும் சொல்லாத மாதிரி ஒரு பாயிண்ட் குடுங்க"ன்னு வந்து நின்னான். நம்மகிட்ட ஒருத்தன் பாயிண்ட் கேட்டுட்டா சும்மா விடுவமா? எடுத்து விட்டேன். "நம்ம ஊர்ல டைட்டன் வாட்ச் கம்பெனி இருக்கில்ல? டைட்டன்கிறது கிரேக்கப் புராணத்துல வர்ற பழைய தெய்வங்க பேரு. உறையூரை ஆண்ட சோழ ராஜா ஒருத்தன் பேரு தித்தன், சங்கப் பாட்டுல வர்றான். தித்தன், டைட்டன். சொல்லிப் பாரு. மிளகோட சேர்ந்து கப்பல் ஏறிப் போன பேருடா அது!"

இதை எங்க படிச்சேன்? எங்கயும் இல்லை. அந்த நிமிஷம் தோணிச்சு, அவ்வளவுதான்.

பையன் மனப்பாடம் பண்ணிட்டுப் போய் கணீர்னு பேசியிருக்கான். நடுவரா வந்திருந்த தமிழாசிரியர் கேட்டாராம். "நல்லாப் பேசினீங்க தம்பி. தித்தன்தான் டைட்டன் ஆனான்கிறதுக்கு என்ன ஆதாரம்?" இவன் சொன்ன பதில், "எங்க சித்தப்பா சொன்னாருங்க ஐயா."

ஹாலே சிரிச்சுதாம். பரிசும் இல்லை. வீட்டுக்கு வந்தவன் கோபமெல்லாம் படலை. ராத்திரி சாப்பிடும்போது மெதுவா ஒண்ணுதான் கேட்டான். "நிஜமாவே எங்க படிச்சீங்க சித்தப்பா?"

தட்டுல இருந்த சாதத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். வேற எங்க பாக்கறது?

இத்தனைக்கும் நான் பொழைக்கறது குவாலிட்டில. வண்டிக்கு உதிரி பாகம் செய்யற ஒரு சின்ன யூனிட்டுல இன்ஸ்பெக்ஷன் வேலை. ஒரு பீஸ் கைக்கு வந்தா, எந்த லாட், எந்த மெஷின், எந்த ஷிப்ட், கம்பி எந்த ஹீட் நம்பர்னு பின்னாடியே போய்ப் பாக்கணும். "பாக்கறதுக்கு ஒரே மாதிரிதானே சார் இருக்கு"ன்னு பசங்க சொன்னா, "கேஜ் எடுத்து வை"ம்பேன். பகல் முழுக்க இப்படிக் கறாரா இருந்துட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு சொல்லை மட்டும் கண்ணால பாத்தே பாஸ் பண்ணியிருக்கேன்.

சரி, அந்த லாட்டைத் திரும்ப எடுத்துப் பாத்துடலாம்னு உக்காந்தேன்.

கிரேக்கப் புலவர் ஹெசியோட், சுமார் கி.மு. 700 ஆளு. தெய்வங்களோட வம்சாவளியைப் பாடி வச்சிருக்கார், தியோகனினு பேரு. வானமான யுரேனஸ் அப்பன், பூமியான கேயா அம்மா. அப்பன் பெத்த பிள்ளைங்களைப் பூமிக்குள்ளயே அடைச்சு வச்சிருக்கான். அம்மா அரிவாள் எடுத்துக் குடுக்க, கடைசிப் பையன் க்ரோனஸ் மறைஞ்சிருந்து கையை நீட்டி அப்பனை அறுத்துடறான். அப்போ அப்பன் சாபம் மாதிரி பிள்ளைங்களுக்கு வச்ச பேருதான் டைட்டன்னு ஹெசியோட் சொல்றார். அதுக்கு அவர் காட்டற வினைச்சொல்தான் நான் மல்லுக்கட்டினது: டிட்டைனோ. இழுத்தல், நீட்டுதல், விறைக்க இழுத்துப் பிடித்தல்னு அர்த்தம். அதாவது இவனுங்க வரம்பு மீறி நீட்டினவனுங்க, அதனால டைட்டன்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. எப்படின்னா, தமிழ்ல. நம்ம ஊர்ல ஒருத்தன் பெத்தவனை அடிச்சுட்டா என்ன சொல்வாங்க? "அப்பன் மேலேயே கை நீட்டிட்டான்." அதேதான். ஆங்கில மொழிபெயர்ப்புல இந்த இடத்துக்கு நீட்டி முழக்கி அடிக்குறிப்பு போடறாங்க. நமக்கு அது தெருச்சண்டையில காதுல விழற வார்த்தை.

அந்த வினைச்சொல்லை லிடெல், ஸ்காட் அகராதியில தேடிப் பாத்தேன். 1843-ல முதல் பதிப்பு வந்த கிரேக்க அகராதி, இப்போ இணையத்துல இலவசமாவே கிடைக்குது. ஹோமர் காவியத்துல இந்த வினை எங்கெல்லாம் வருதுன்னு பாத்தா ஆசையா இருக்கு. வில்லை இழுக்கிறான், டிட்டைனோ. குதிரை உடம்பை நீட்டித் தேர் இழுத்து ஓடுது, அதுவும் டிட்டைனோ. ரெண்டு மாடு ஏர் இழுக்குது, அதுக்கும் அதே. ஸீயஸ் தங்கத் தராசை நீட்டிப் பிடிச்சு ரெண்டு பேரோட விதியை எடை போடறான், அங்கயும் அதே. ராயக்கோட்டைப் பக்கம் செம்மண்ணுல ஏர் ஓட்டினதைப் பாத்தவங்களுக்கு இந்த வினை புரியறதுக்குக் கிரேக்கமே தேவையில்லை. மாட்டோட கழுத்து நரம்பு புடைச்சு நிக்குமே, அதுதான் டிட்டைனோ.

ஆனா இங்கதான் ட்விஸ்ட். ஹெசியோட் சொன்ன காரணத்தை மொழியியல்காரங்க ஏத்துக்கறதில்லை. டைட்டன்கிற பேருக்குக் கிரேக்கத்துல முதல் எழுத்து நெடில், 'டீட்டான்'. டிட்டைனோவுக்குக் குறில். செய்யுள்ல பொருத்தறதுக்காகப் புலவர் அந்த ஒரு வரியில குறிலை நெடிலா இழுத்து வச்சிருக்கார். (வினைச்சொல்லோட அர்த்தமே இழுக்கறதுதானே, அதையே இழுத்துட்டார் மனுஷன்!) ஆக 2700 வருஷம் முன்னாடியே ஒருத்தர் அளவு சேராத பீஸைத் தட்டித் தட்டிச் சேத்திருக்கார். என்னை மாதிரியே. என்ன, அவர் கவிதைக்காகச் செஞ்சார். நான் ஒன்பதாங்கிளாஸ் பையனை மேடையேத்திச் செஞ்சேன்.

இன்னொரு வேடிக்கை. நம்ம தித்தனுக்கும் அவன் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளிக்கும் ஆகாதுன்னு சொல்வாங்க. அங்கயும் அப்பன் மகன் தகராறு. இது எனக்கு முன்னாடியே ஞாபகம் வந்திருந்தா, "பாத்தியா, கதையும் ஒத்துப்போகுது!"ன்னு இன்னும் நாலு பக்கம் எழுதிக் குடுத்திருப்பேன். பையன் பொழைச்சான். ஒலி ஒத்துப்போறது, கதை ஒத்துப்போறது, ரெண்டுமே தற்செயலா நடக்கும். நாம தேட ஆரம்பிச்சா நிறையவே நடக்கும்.

பேருதான் ரிஜக்ட். வினைச்சொல் இருக்கே, அது ஒரிஜினல் சரக்கு. டிட்டைனோவோட சின்ன வடிவம் டெய்னோ. அதே வேர் லத்தீன்ல டெண்டோ, சமஸ்கிருதத்துல தன். எல்லாத்துக்கும் அர்த்தம் இழு, நீட்டு. இந்த வேர் நம்ம வாய்க்குள்ள எத்தனை வழியா வந்து உக்காந்திருக்குன்னு பாருங்க.

முதல்ல டென்ஷன். சிப்காட்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதுல விழுதுன்னு கணக்கே இல்லை. பெல்ட்டுக்கு டென்ஷன் பத்தலைன்னு மெயின்டெனன்ஸ்காரர் சொல்லுவார். டார்கெட் முடியலைன்னு சூப்பர்வைசருக்கு டென்ஷன். அடுத்த மாசம் வேலை இருக்கா இல்லையான்னு கான்ட்ராக்ட் பசங்களுக்கு டென்ஷன். அந்தப் பசங்க காத்துக்கிட்டு இருக்கற எக்ஸ்டென்ஷன், கேட்ல போடற அட்டெண்டன்ஸ், மேலிடத்துல நடக்கற டெண்டர், ஸ்கூல் டிரில்ல நின்ன அட்டென்ஷன் எல்லாமே டெண்டோ பெத்த பிள்ளைங்க. துணியை இழுத்துக் கட்டினதால டென்ட். தரையில மணல் குவிச்சு உக்காந்து படம் பாத்தோமே, அந்த டென்ட் கொட்டாயும் இதே குடும்பம்தான்.

கிரேக்க வழியா நேரா வந்தது தனி. கயிறை முறுக்கி இழுத்தா வர்ற விறைப்பு டோனோஸ். அதுலேருந்து டோன், ட்யூன். தளர்ந்த உடம்பை முறுக்கேத்தறது டானிக். உடம்பே வில்லு மாதிரி விறைச்சுக்கிட்டா டெட்டனஸ். நம்மூர்ல ரண ஜன்னின்னு சொல்வாங்களே, அதுதான். தகடு கிழிச்சுக் கையில ரத்தம் வந்ததும் ஊசி போட ஓடறமே, அந்த ஊசியோட பேருல ஹோமரோட வில்லு இருக்கு. செங்கோண முக்கோணத்துல கர்ணம்னு படிச்சதை இங்கிலீஷ் மீடியம் பசங்க ஹைபாட்டனூஸ்ங்கறாங்க இல்லையா? அடியில இழுத்து நீட்டின கோடுன்னு அர்த்தம். அதுவும் டெய்னோதான்.

அடுத்த வழி சமஸ்கிருதம். வீணைக்கு இழுத்துக் கட்டினது தந்தி. தறியில இழுத்துக் கட்டின பாவுக்குத் தந்திரம்னு பேரு. அப்புறம் அதுவே முறை, வழி, கடைசியில குள்ளநரித் தந்திரம் வரைக்கும் வந்துடுச்சு. மேலே இழுத்துக் கட்டினா விதானம். (டென்ட்டும் விதானமும் பங்காளிங்க!) அறுந்து போகாம நீண்டுகிட்டே போற வம்சம் சந்ததி, சந்தானம். நம்ம காமெடி நடிகர் பேருக்குள்ளயும் இந்த வினைச்சொல் ஒளிஞ்சிருக்கு.

தந்தியைப் பத்தி இன்னும் ஒண்ணு. டெலிகிராஃப்கிறதுல இருக்கறது வேற ரெண்டு கிரேக்கச் சொல், தூரம், எழுது. ஆனா நம்மாளுங்க அது என்ன செய்யுதுன்னு பாக்கலை. தந்தி மரத்துல இழுத்துக் கட்டின கம்பியைப் பாத்தாங்க, தந்தின்னுட்டாங்க. கன்னடத்துலயும் தெலுங்குலயும் அதே தந்திதான். மூணு மொழியும் ஒரே பஸ்ஸுல புழங்கற ஓசூர்ல யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கலை. 1942-ல ஆதித்தனார் மதுரையில பேப்பர் ஆரம்பிச்சப்போ அந்தப் பேரையே வச்சார். 2013 ஜூலையில நாட்டுல தந்தி சேவையை நிறுத்திட்டாங்க. டீக்கடை பெஞ்சுல தினத்தந்தி மட்டும் இன்னும் நீட்டி விரிச்சுக் கிடக்கு.

"அப்ப நீயும் ஒலியை வச்சுத்தானே சொல்றே? தித்தன் டைட்டன் தப்பு, தந்தி டென்ஷன் மட்டும் சரியா?" நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் ஓசூர் பஸ் ஸ்டாண்டுலயே இருக்கு.

ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போயிட்டா நம்ம பால் ஹாலு ஆயிடும். பத்து, ஹத்து. புலி, ஹுலி. பல், ஹல்லு. ஒரு சொல் மட்டும் மாறினா தற்செயல்னு சொல்லலாம். பழைய சொல்லுங்கள்ல வரிசையா எல்லாத்துலயும் முன்னாடி இருக்கற ப, ஹ ஆகுதுன்னா அது விதி. கன்னடத்துலயே பழைய 'பொச'தான் 'ஹொச' ஆச்சு, நம்ம 'புது'வோட உடன்பிறப்பு. ஹொச ஊரு, ஓசூர். அதாவது புதூர்! அதே மாதிரி லத்தீன், சமஸ்கிருதத்துல முன்னாடி இருக்கற த, ஆங்கிலத்துல 'த்ரீ'ல வர்ற காத்தோட சேர்ந்த ஒலியாகும். சமஸ்கிருத 'த்ரி', ஆங்கில 'த்ரீ'. சமஸ்கிருத 'தனு'ன்னா மெலிசு, ஆங்கிலத்துல 'தின்'. இழுத்தா மெலியத்தானே செய்யும்? ஒலி விதிப்படி மாறுது, அர்த்தம் ஒட்டி வருது, எந்த வழியா வந்துச்சுன்னு காட்ட முடியுது. மூணு கேஜும் பாஸ்.

தித்தனுக்கு இந்த மூணுல எது இருக்கு? ஒண்ணும் இல்லை. ரிஜக்ட்.

கேஜ் இல்லாமப் போனா எப்படி மாட்டிப்போம்னு ரெண்டு உதாரணம். ஸ்டோர்ஸ்ல பொருள் வாங்க இன்டெண்ட் போடறோம். டென்ஷன், அட்டென்ஷன், இன்டெண்ட், அதே குடும்பம்தானேன்னு தோணும். இல்லை. அது லத்தீன்ல பல்லுக்கான சொல். ஒப்பந்தக் காகிதத்தைப் பல்லுப் பல்லா வெட்டி ஆளுக்குப் பாதி வச்சுக்கிட்ட பழக்கத்துலேருந்து வந்தது. அதுக்கு நம்மகிட்ட இருக்கற சொந்தக்காரன் தந்தம். அதனால தந்தம் உள்ள யானைக்கும் தந்தின்னு பேரு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்ல பாருங்க, வீணைத் தந்தியும் இருக்கும், யானைத் தந்தியும் இருக்கும். எழுத்து ஒண்ணு, பிறப்பு வேற. ஜவளகிரி, தளி பக்கம் ராத்திரி ராகித் தோட்டத்துல இறங்கற தந்திக்கும் டென்ஷனுக்கும் சொல்லளவுல ஒரு சம்பந்தமும் இல்லை. விவசாயியைக் கேட்டா வேற மாதிரி சொல்வார், அது வேற கதை :-)

அடுத்தது, இலக்கணப் பாடத்துல வர்ற டென்ஸ். பாஸ்ட் டென்ஸ், பிரசென்ட் டென்ஸ். அது காலத்துக்கான லத்தீன் சொல்லு பிரெஞ்சு வழியா வந்தது. டென்ஷனுக்கும் அதுக்கும் தேய்ஞ்ச ஒலி ஒற்றுமை மட்டும்தான். (பரீட்சை ஹால்ல மட்டும் ரெண்டும் சேர்ந்தே வரும்.)

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். நம்ம பதிவர்கள்ல ரொம்பப் பேருக்கு இந்தச் சொல்லாராய்ச்சி வியாதி உண்டு, எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். எந்த மொழியில எந்தச் சொல்லைப் பாத்தாலும் லேசாத் தட்டி நிமித்தி "இது தமிழ்"னு முத்திரை குத்தறது. எதிர்ப்பக்கமும் இருக்காங்க, எல்லாமே வடமொழிம்பாங்க. ரெண்டும் ஒரே வேலைதான், கேஜ் இல்லாத இன்ஸ்பெக்ஷன். தமிழ் மேல இருக்கற பாசத்துலதானே செய்யறோம், என்ன கெட்டுப்போச்சுன்னு நானும் நினைச்சிருக்கேன். என்ன கெட்டுப்போச்சுன்னு அந்த ஹால்ல நின்ன பையனுக்குத் தெரியும். அவன் அன்னிக்கு தித்தனோட சேர்த்து இஞ்சியைப் பத்தியும் பேசினான். பாலியில 'சிங்கிவேர', கிரேக்கத்துல 'சிஞ்சிபெரிஸ்', ஆங்கிலத்துல 'ஜிஞ்சர்'. அந்தப் பாலிச் சொல்லோட வால்ல இருக்கற 'வேர' நம்ம 'வேர்'தான்னு மொழியியல்காரங்களே ஏத்துக்கிட்டது. படிப்படியா வழி காட்ட முடியற சொல். ஆனா தித்தனைக் கேட்டுச் சிரிச்ச கூட்டம் இஞ்சிக்கும் சேர்த்தே சிரிச்சுது. ஒரு கெட்ட பீஸ் போனா கஸ்டமர் அந்த ஒரு பீஸை மட்டுமா திருப்பி அனுப்பறான்? லாட்டையே அனுப்பறான்.

நமக்கு ஒரு வழிகாட்டியும் இருக்கார். 1816-ல சென்னையில எல்லிஸ்ங்கற அதிகாரி தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களைப் பக்கத்துல பக்கத்துல பட்டியல் போட்டு, இந்த மூணும் ஒரு குடும்பம், சமஸ்கிருதத்துலேருந்து பிறந்தது இல்லைன்னு காட்டினார். கேம்பெல் எழுதின தெலுங்கு இலக்கணப் புத்தகத்துக்கு முன்குறிப்பா வந்தது அது. கால்டுவெல் புத்தகம் 1856-ல, அதுக்கு 40 வருஷம் கழிச்சு. ஒலி கிட்டக்க இருக்குன்னு ஒரு சொல்லைப் பிடிச்சுத் தொங்காம, வேரையும் விதியையும் பாத்ததாலதான் அந்த வாதம் இன்னிக்கும் நிக்குது. தமிழுக்குத் தனிக் குடும்பம்னு பெருமை வாங்கிக் குடுத்ததே இந்தக் கறார்தான். நாம அதைக் கைவிட்டா யாருக்கு நஷ்டம்?

நீட்டறதுக்குத் தமிழ்ல சொல்லுக்கா பஞ்சம்? நீள், நீளம், நீட்டு, நெடு, நெடுக, நெட்டை, நெடியோன். டெய்னோ குடும்பம் மாதிரியே செழிப்பான குடும்பம். கிரேக்கன் வீட்டுக் கல்யாணத்துல போய் நாமளும் மாப்பிள்ளை வீடுன்னு உக்கார வேண்டியதில்லை.

கடைசியா ஒண்ணு. இதுதான் என்னை ரொம்பச் சுட்டது. டைட்டன் கம்பெனி 1984-ல டாட்டா குழுமமும் தமிழக அரசோட டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்சது. அந்தப் பேரோட முதல் ரெண்டு ஆங்கில எழுத்து டாட்டா இண்டஸ்ட்ரீஸ், மீதி மூணு எழுத்து தமிழ்நாடு. கிரேக்கப் பேரு மாதிரியும் அமைஞ்சுது. பையன் மேடையில நின்னு, "ஐயா, டைட்டன்கிற பேருக்குள்ள தமிழ்நாடு இருக்கு"ன்னு சொல்லியிருந்தா அது நூத்துக்கு நூறு உண்மை. கைதட்டலும் கிடைச்சிருக்கும். உண்மை அரை மணி நேரத் தேடல் தூரத்துல இருந்துச்சு. நான் தேடலை.

போன ஞாயித்துக்கிழமை அவனைக் கூட்டிட்டு சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போனேன். படியில உக்கார வச்சு, "நான் குடுத்த பாயிண்ட் டூப்புடா, எங்கயும் படிக்கலை"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கீழ ஊரையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம், "தெரியும் சித்தப்பா. அன்னிக்கே லைப்ரரில தேடிட்டேன். நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்தேன்"னான்.

சித்தப்பனுக்கு டென்ஷன் ஏறிச்சா இறங்கிச்சான்னு தெரியலை.

டிஸ்கி 1: தித்தன், டைட்டன் கதையை என் வாயால வேற யாராவது கேட்டிருந்தா தயவுசெஞ்சு அழிச்சுடுங்க. லாட் வாபஸ்.

டிஸ்கி 2: உங்க தொழில்ல புழங்கற சொல்லு ஏதாவது எங்கேருந்து வந்துச்சுன்னு தேடியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எங்க படிச்சீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. ஒருத்தன் கேப்பான்.